தவணைப் பரீட்சைக்குப் பிறகு: உயர்தர மாணவர் தன்னைத் தானே மதிப்பிடவும் மன அழுத்தத்தைக் கையாளவும் ஒரு முழுமையான வழிகாட்டி

"எத்தனையாம் பிள்ளை?"

ரிப்போட் கொடுக்கிற நாளில் எங்கள் கிழக்கில் கல்லடியோ காரைதீவோ, வீட்டுக்கு வந்து சேர்வதற்குள், வகுப்பில் எத்தனையாம் இடம் என்று நாலு பேராவது இப்படிக் கேட்டுவிடுவார்கள். அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் ஒரு தவணை முழுக்க ஒரு பிள்ளை படித்தது, விட்டது, பயந்தது, வளர்ந்தது எல்லாம் அந்த ஒரு இலக்கத்துக்குள் அடைபட்டுப் போகிறது. பதினேழாம் பிள்ளை என்று அழலாம், ஏழாம் பிள்ளை என்று சந்தோஷப்படலாம். நாளைக் காலையில் எந்தக் கொப்பியைத் திறப்பது என்று அந்த இலக்கம் சொல்லாது.

நான் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். விடுமுறையில் ஊருக்குப் போனால் உயர்தரம் படிக்கும் தம்பி தங்கச்சிமாரோடு இருந்து அவர்களுடைய விடைத்தாள்களைப் பார்ப்பேன். பாடம் கடினம் என்பதால் பயப்படுகிற பிள்ளைகளை விட, தான் எங்கே நிற்கிறேன் என்று தெரியாததால் பயப்படுகிற பிள்ளைகளே அதிகம். "எனக்கு கெமிஸ்ட்ரி வராது" என்று சொல்கிற பிள்ளையிடம் எந்த அலகு, எந்த வகைக் கேள்வி என்று கேட்டால் பதில் இருக்காது. அந்தப் பதிலைத் தேடிக் கொடுப்பதுதான் இந்த வழிகாட்டியின் வேலை.

1. விடுமுறையின் முதல் வாரத்தில் ஒரு காலை

ரிப்போட் வந்த அன்றைக்கே உட்கார வேண்டாம். மனம் கொதித்துக்கொண்டிருக்கும்போது எழுதுவது தீர்ப்பாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று நாள் போகட்டும். ஆனால் விடுமுறை முடியும்வரை தள்ளிப்போடவும் கூடாது. விடைத்தாளில் ஏன் அப்படி எழுதினோம் என்பதே மறந்துவிடும். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை வேறு காலத்தில் வருவதால், நண்பர்களின் நாட்காட்டியைப் பார்க்காமல் உங்கள் தவணை எப்போது முடிகிறதோ அப்போது செய்யுங்கள்.

வெயில் ஏறுமுன் விடிய ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் இருப்பது நல்லது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மத்தியானத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் தகரக் கூரைக்குக் கீழே எதையும் நிதானமாக யோசிக்க முடியாது. வீட்டில் இடமில்லையென்றால் பொது நூலகத்துக்கோ கோயில் மண்டபத்துக்கோ போகலாம். தேவையானவை: ஒரு புதிய கொப்பி, எல்லாப் பாடங்களின் விடைத்தாள்கள், வினாத்தாள்கள். கைபேசி இன்னொருவர் கையில் இருக்கட்டும்.

விடைத்தாளைத் திருப்பித் தராத ஆசிரியர் என்றால், பார்க்க மட்டும் கேளுங்கள். "சேர், புள்ளி கூட்டச் சொல்லி வரல்ல, எங்க பிழைச்செண்டு பார்க்கத்தான்" என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் தருவார்கள்.

2. இழந்த புள்ளிகளைக் கணக்கெடுங்கள்

மொத்த வேலையிலும் இதுதான் முக்கியம். ஒரு பாடத்துக்கு ஒரு மணித்தியாலம் போனாலும் பரவாயில்லை.

உதாரணத்துக்கு, இரசாயனவியலில் 46 என்று வைப்போம். எல்லாரும் 46ஐப் பார்ப்பார்கள். நீங்கள் போன 54ஐப் பாருங்கள். விடைத்தாளைக் கேள்வி கேள்வியாகப் புரட்டி, இழந்த ஒவ்வொரு புள்ளியையும் ஐந்து நிரல்களில் ஒன்றில் போடுங்கள்.

தெரியாது: அந்தப் பாடப்பகுதியையே படிக்கவில்லை, அல்லது வகுப்பில் விளங்கவில்லை.

மறந்தது: படித்தேன், அந்த நேரத்தில் வரவில்லை.

எழுத்து: தெரிந்தும் புள்ளி கிடைக்கும்படி எழுதவில்லை.

நேரம்: கேள்விக்கு வந்து சேரவே இல்லை.

கவனம்: கூட்டல் பிழை, சக (+) குறி சய (−) குறியானது, கேள்வியில் "பொருந்தாதது எது" என்றிருந்ததைப் "பொருந்துவது" என்று வாசித்தது.

எண்ணி முடித்தபோது 15, 12, 14, 8, 5 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். இப்போது "கெமிஸ்ட்ரி வராது" என்ற வசனம் உடைந்துவிட்டது. தெரியாததால் போனது 15 புள்ளிதான். மீதி 39 புள்ளிகள், தெரிந்திருந்தும் போனவை. அந்த 39க்குப் புதிதாக ஒரு ரியூசன் வகுப்பு தேவையில்லை.

எழுத்து நிரலில் கொஞ்சம் நின்று போக வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் அதிகம் இழப்பது அங்கேதான் என்பது என் அபிப்பிராயம். வெப்ப இரசாயனத்தில் சமன்பாட்டைச் சரியாக எழுதிவிட்டுப் பௌதிக நிலைகளைக் குறிக்காமல் விடுவார்கள். பௌதிகவியலில் வரைபை அழகாகக் கீறிவிட்டு அச்சுகளுக்கு அலகு போட மாட்டார்கள். உயிரியலில் ஒரு பந்தி முழுக்க எழுதியிருப்பார்கள். புள்ளி விழ வேண்டிய சொல் அதற்குள் இருக்காது. கலைப் பிரிவில் "விளக்குக" என்று கேட்டாலும் "மதிப்பிடுக" என்று கேட்டாலும் ஒரே விடையைத்தான் எழுதுவார்கள். மதிப்பிடச் சொன்னால் இரண்டு பக்கத்தையும் சொல்லி ஒரு முடிவுக்கு வர வேண்டும். இந்தக் குறைகளுக்கெல்லாம் ஒரே மருந்து, கடந்தகால வினாத்தாளோடு பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தையும் வைத்து, உங்கள் விடையை நீங்களே சிவப்புப் பேனையால் திருத்துவது. முதல் இரண்டு வினாத்தாள்களில் மனம் நோகும். மூன்றாவதில் எங்கே புள்ளி விழுகிறது என்று கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

நேர நிரலில் 8 போனதென்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பல்தேர்வு வினாத்தாளில் 50 கேள்விக்கு 2 மணித்தியாலம். ஒரு கேள்விக்கு 2 நிமிடம் 24 செக்கன். ஐந்து நிமிடம் ஒரு கேள்வியில் நின்றால் இன்னொரு கேள்வியின் நேரத்தைத் தின்றுவிட்டீர்கள். இரண்டரை நிமிடத்துக்கு மேல் போனால் குறித்துவிட்டு நகர்ந்து, கடைசியில் திரும்பி வாருங்கள். பிழையான விடைக்குப் புள்ளி கழிக்கப்படுவதில்லை, ஆகவே ஒன்றையும் வெறுமையாக விடாதீர்கள். இணைந்த கணிதத்தில் பகுதி "ஆ"வில் 7 கேள்வியில் 5ஐத் தெரிவு செய்ய வேண்டும். எதை விடுவது என்று முடிவெடுக்கத் தெரியாமல் ஆறாவதைத் தொட்டு ஐந்தாவதைப் பாதியில் விடுகிற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். தெரிவு செய்வதும் பழக வேண்டிய திறமை.

3. புள்ளியில் வராத வளர்ச்சி

அடுத்த பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: போன தவணையில் என்னால் முடியாமல் இருந்து, இப்போது முடிகிற விடயம் எது?

"நல்லாப் படிக்கிறேன்" போன்ற விடை வேண்டாம். வகுப்பில் எழும்பிச் சந்தேகம் கேட்டது. புள்ளி குறைந்த பாடத்தை மறைக்காமல் வாப்பாவிடம் காட்டியது. உம்மா சுகமில்லாமல் கிடந்த கிழமையில் தம்பிக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டுப் படித்தது. கூட்டாளி தன்னை விடக் கூட எடுத்தபோது மனதாரச் சந்தோஷப்பட்டது. இவற்றைப் பரீட்சைத் திணைக்களம் மதிப்பிடாது. நீங்கள்தான் எழுதி வைக்க வேண்டும்.

சூழ்நிலையையும் எழுதுங்கள். குருமண்வெளித் துறையில் ஆற்றைக் கடக்கிற பாதைப் படகுக்குக் காத்து நிற்கிற பிள்ளைக்கும், பாடசாலைக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற பிள்ளைக்கும் ஒரு நாளில் கிடைக்கும் நேரம் ஒன்றல்ல. வாகரையில் இருந்து பஸ்ஸில் ரியூசனுக்கு வருகிற பிள்ளை, களைப்போடுதான் வீட்டுக் கதவைத் திறக்கிறது. இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. உங்கள் நாளில் உண்மையாக எத்தனை மணித்தியாலம் கையில் இருக்கிறது என்று தெரிந்தால்தான், பத்து மணித்தியாலத்துக்கு அட்டவணை போட்டு இரண்டாம் நாளே உடைந்து போகாமல் இருக்கலாம்.

4. ஒப்பீட்டை அதன் அளவோடு வைத்தல்

வகுப்பு இடம் உங்கள் வகுப்பைப் பற்றித்தான் பேசுகிறது. பல்கலைக்கழக அனுமதிக்குப் போவது இசட் புள்ளி. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியில் இருந்து அதற்குத் தோற்றியோரின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி எடுத்தால் வருவது அது. எல்லாருக்கும் வினாத்தாள் கடினமாக இருந்தால் உங்கள் 55 பெறுமதியாகலாம். எல்லாருக்கும் இலேசாக இருந்தால் 70கூடச் சாதாரணமாகலாம். பல கற்கைநெறிகளுக்கு 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று பிரிக்கப்பட்டு வந்திருக்கின்றன. அந்தப் பின்தங்கிய பட்டியலில் மட்டக்களப்பும் அம்பாறையும் இருக்கின்றன. ஆகவே கொழும்பில் இருக்கும் மச்சாளின் புள்ளியோடு உங்கள் புள்ளியை நேருக்கு நேர் வைப்பதில் அர்த்தம் குறைவு.

ஒப்பிட வேண்டியது ஒன்றுதான்: இந்தத் தவணையின் ஐந்து நிரல்களும் அடுத்த தவணையின் ஐந்து நிரல்களும்.

5. பாரத்தைப் பிரித்தெடுத்தல்

இப்போது மன அழுத்தத்துக்கு வருவோம். ஒரு பக்கம் முழுக்க, மனதை அரிக்கிற எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒழுங்கு வேண்டாம், அழகு வேண்டாம். ரியூசன் காசு, அப்பாவின் குடி, விளங்காத சேதன இரசாயனம், பேசாமல் விட்ட கூட்டாளி, மனதுக்குப் பிடித்தவரின் மெசேஜ், முகப்பரு, எதுவானாலும் சரி. எழுதி முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குறி: இந்தக் கிழமை நானே செய்யக்கூடியது, இன்னொருவரிடம் கேட்க வேண்டியது, என் கையில் இல்லாதது.

முதல் வகைக்கு உடனே ஒரு நாளும் நேரமும் கொடுங்கள். இரண்டாம் வகைக்கு ஒரு ஆளின் பெயர் எழுதுங்கள். ஆள் இல்லாத உதவி கிடைக்காது.

மூன்றாம் வகையில்தான் நமது மாவட்டங்களுக்கென்றே சில விடயங்கள் உண்டு. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு, ஆடியில் தீர்த்தம், திருவிழா. ஒலிபெருக்கி விடியும்வரை பாடும். அதை நீங்கள் நிறுத்த முடியாது, நிறுத்தவும் விரும்ப மாட்டீர்கள். அது நம் ஊரின் உயிர். அந்த நாட்களுக்கென்று வேலையை மாற்றிப் போடலாம். மனனம் செய்வதை விட்டு, கணக்குச் செய்வதும் பல்தேர்வு வினாக்கள் செய்வதும் சத்தத்துக்குள்ளும் ஓரளவு நடக்கும். ஒரு இரவை மனம் நிறைந்து சடங்குக்கே கொடுத்துவிடுவதும் நல்லதுதான். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பறையை நினைத்திருப்பதில் இரண்டும் கெடும்.

மாரி அதை விடப் பெரிது. 2024 நவம்பர் 25 ஆம் திகதி தொடங்கிய உயர்தரப் பரீட்சை, வெள்ளத்தால் 27 ஆம் திகதி நிறுத்தப்பட்டு டிசம்பர் 4 ஆம் திகதிதான் மீண்டும் தொடங்கியது. வடகீழ்ப் பருவமழையும் பரீட்சையும் ஒரே காலத்தில் வரக்கூடும் என்று எண்ணியே தயாராக வேண்டும். அனுமதி அட்டை, தேசிய அடையாள அட்டை, சுருக்கக் குறிப்புகள் மூன்றையும் தண்ணீர் புகாத பையில் போட்டு உயரத்தில் வையுங்கள். தாழ்நிலத்தில் வீடு என்றால், பரீட்சை நிலையத்துக்குக் கிட்ட எந்தச் சொந்தக்காரர் வீட்டில் தங்கலாம் என்று ஐப்பசியிலேயே பேசி வையுங்கள். பரீட்சை தள்ளிப்போனால் அந்த இடைநாட்களுக்கு இரண்டு வினாத்தாள்களைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். மழையை நிறுத்த முடியாது. அதற்குத் தயாராக இருப்பது மட்டும் மூன்றாம் வகையில் இருந்து முதல் வகைக்கு வந்துவிடுகிறது.

6. உடம்பு

13 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. படித்தது நினைவில் உறைவதில் நித்திரைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இரவு இரண்டு மணிவரை விழித்திருப்பதைப் பெருமையாகச் சொல்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. "மறந்தது" நிரல் பெரிதாக இருக்கிற பிள்ளை, முதலில் தன் நித்திரையைப் பார்க்க வேண்டும். தேத்தண்ணியில் உள்ள கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணித்தியாலம் எடுக்கும். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வெறும் தேத்தண்ணியை நிறுத்திப் பாருங்கள்.

நெஞ்சு படபடக்கும்போது செய்ய ஒரு எளிய காரியம்: நாலு எண்ணும்வரை மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும்வரை வெளியே விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு இறங்கும். ஐந்து நிமிடம் போதும். பரீட்சையில் மேலதிகமாகக் கிடைக்கும் 10 நிமிட வாசிப்பு நேரத்தின் முதல் நிமிடத்தை இதற்குக் கொடுக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. பரீட்சைக்குச் சற்று முன் 10 நிமிடம் தங்கள் பயத்தைத் தாளில் எழுதிய, பதற்றம் கூடிய மாணவர்கள், எழுதாதவர்களை விட நன்றாகச் செய்தார்கள் என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011 இல் வெளியிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே அளவில் உதவும் என்றில்லை. தவணைப் பரீட்சையில் முயன்று பார்த்து, உங்களுக்குச் சரி வந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

7. இரண்டு கிழமைக்கு மட்டும் திட்டம்

ஒரு வருட அட்டவணையைக் கீறிச் சுவரில் ஒட்டுவது மனதுக்கு இதம். ஆனால் அது பெரும்பாலும் சுவரில்தான் இருக்கும். இரண்டு கிழமைக்குப் போடுங்கள். ஐந்து நிரல்களில் எது பெரிதோ அதற்கு மட்டும்.

மறதிக்கு: வாசித்ததையே திரும்ப வாசிக்காதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் ஞாபகமிருப்பதை எழுதுங்கள். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் அவர்களுக்கு 40 வீதமளவுதான் நினைவிருந்தது. ஒரு தரம் வாசித்து, பிறகு மூடி வைத்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 வீதம். வாசித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் தமக்கு நன்றாக ஞாபகமிருக்கும் என்று நம்பியவர்களும். "படிச்சதெல்லாம் மறந்துபோச்சு" என்று அழுகிற பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

தியரி, ரிவிஷன், பேப்பர் என்று கிழமை முழுக்க வகுப்பு வகுப்பாக ஓடுகிறவர்கள் ஒரு கணக்கு எடுங்கள்: ஒரு மணித்தியால வகுப்புக்கு, தனியே இருந்து படிக்க ஒரு மணித்தியாலமாவது இருக்கிறதா? இல்லையென்றால் ஒரு வகுப்பைக் குறையுங்கள். சேர் நல்லாப் படிப்பிக்கிறார் என்பது நீங்கள் படித்ததாகாது. "தெரியாது" நிரலுக்கு மட்டும், தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூலையும் விளங்கிய ஒரு கூட்டாளியையும் வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு அலகு.

8. வீட்டில் பேசுதல்

கொப்பி முடிந்த பிறகுதான் வீட்டில் பேச வேண்டும். கையில் கணக்கு இருந்தால் பேச்சின் தொனியே மாறும்.

"அம்மா, ரிப்போட்டைப் பற்றி உங்களோட கதைக்கணும். ஏசாமக் கேளுங்க. கெமிஸ்ட்ரி நாப்பத்தாறுதான். எங்கெங்க புள்ளி போனதெண்டு எல்லாம் எழுதி வெச்சிரிக்கன்."

"சரி மகள், இப்ப நான் என்ன செய்யணும்?"

"ராவில ஏழு மணியில இருந்து ஒன்பது மணி மட்டும் டிவிச் சத்தத்தைக் குறைச்சி வையுங்க. பெரியம்மா எத்தனையாம் பிள்ளையெண்டு கேட்டா, அவளட்டயே கேளுங்க எண்டு சொல்லுங்க."

கேட்பது சிறியதாகவும் செய்யக்கூடியதாகவும் இருக்கட்டும். "என்னை விளங்கிக்கொள்ளுங்க" என்றால் எந்தத் தாய்க்கும் என்ன செய்வதென்று தெரியாது. ஏழு மணி முதல் ஒன்பது மணிவரை என்றால் தெரியும். வீட்டில் பேசவே முடியாத நிலை என்றால், மாமியோ சாச்சியோ வகுப்பாசிரியரோ ஒருவரை இடையில் வைத்துப் பேசுங்கள்.

9. கொப்பி போதாத நிலை

இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரை வரவில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, முன்பு பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால், அதைச் சோம்பல் என்றோ பயந்தாங்கொள்ளித்தனம் என்றோ யாரும் சொல்ல விடாதீர்கள். பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடம் போங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது; அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி 1926. கட்டணமின்றிப் பேச 1333. வீட்டிலோ வெளியிலோ ஒருவர் உங்களைத் துன்புறுத்தினால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929.

உயிரோடு இருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே, அந்த நேரமே ஒருவரிடம் சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள். உங்கள் கூட்டாளி அப்படிச் சொன்னால், "ரகசியம்" என்று அவள் கேட்டாலும் ஒரு பெரியவரிடம் கொண்டு போங்கள். அந்த ரகசியத்தை உடைப்பது துரோகமாகாது.

உயர்தரம் ஒரே ஒரு வாசல் என்ற நினைப்பும் இந்தப் பாரத்தில் பாதி. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகள் தோற்றலாம். தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் தேசிய கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன, மட்டக்களப்பில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. இவற்றின் தகுதிகளைப் பரீட்சைக்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். தெரிந்து வைத்திருப்பதால் முயற்சி குறைந்துவிடாது. பரீட்சை மண்டபத்தில் கை நடுங்குவது குறையும்.

10. அடுத்த தவணை, அதே கொப்பி

மூன்று நான்கு மாதம் கழித்து அடுத்த விடைத்தாள் வரும்போது, ஐந்து நிரல்களையும் பழையதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். மொத்தப் புள்ளி அசையாமல் இருந்தாலும் நிரல்கள் அசைந்திருக்கும். "தெரியாது" 15இல் இருந்து 6க்கு இறங்கி, "நேரம்" 8இல் இருந்து 17க்கு ஏறியிருந்தால், ரிப்போட்டில் அதே 46தான் வரும். வீட்டில் அதே ஏச்சு விழலாம். ஆனால் போன தவணைப் பிள்ளையும் இந்தத் தவணைப் பிள்ளையும் ஒருவரல்ல. முதல் பிள்ளை அதிகம் இழந்தது தெரியாததால். இரண்டாவது பிள்ளைக்கு எழுத நிறைய இருந்து நேரம் போதவில்லை. அந்தப் பிள்ளைக்கு இனிப் புதிய அலகுகள் முதல் வேலையல்ல. மணிக்கூட்டை முன்னால் வைத்து, கிழமைக்கு இரண்டு முழு வினாத்தாள் செய்ய வேண்டும்.